உடற்சுத்தி மருத்துவமும் நமது கடைச் சரக்கும்

மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சமையலுக்கு மட்டும் சாமான் வாங்குவதில்லை. துவரம் பருப்பு, புளி, மிளகாய் என்று சீட்டு எழுதி வருகிறவர்களே சீட்டின் அடியில் சுக்கு, ஓமம், கடுக்காய், விளக்கெண்ணெய் என்று நாலு வரி சேர்த்து எழுதி வருகிறார்கள். தீபாவளி நெருங்கினால் லேகியச் சாமான், குழந்தை பிறந்த வீட்டுக்கு உரை மருந்துச் சாமான், பெரியவர்களுக்கு வயிற்றுச் சுத்திக்கு ஏதாவது ஒன்று என்று கேட்பது நம் பக்கத்தில் இன்றும் உள்ள வழக்கம். ஆகவே நம்மில் பலர் அறிந்தோ அறியாமலோ நாட்டு மருந்து வியாபாரிகளாகவும் இருந்து வருகிறோம்.

அண்மைக் காலமாக இந்தக் கேள்விகள் கூடியிருக்கின்றன. "பஞ்சகர்மா", "டீடாக்ஸ்", "உடம்பில் உள்ள நஞ்சை எடுக்கும் பொடி" என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, வயிறு சுத்தமாகிறதுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க, எவ்வளவு சாப்பிடறதுன்னும் சொல்லுங்க" என்று வாடிக்கையாளர் நம்மிடமே கேட்கிறார். சரக்கைக் கொடுப்பது நமது தொழில். அளவையும் ஆளையும் பார்த்துச் சொல்வது வைத்தியர் தொழில். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு வீட்டில் உயிருக்கு ஆபத்து வரலாம்; சட்டச் சிக்கல் நம் கடை வாசலுக்கும் வரலாம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சகர்மம் என்பது என்ன?

ஆயுர்வேதத்தில் சிகிச்சை இரு வகைப்படும். மருந்தாலும் பத்தியத்தாலும் நோயைத் தணிப்பது ஒன்று. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றில் மிகுந்து போனதை உடம்பிலிருந்து வெளியேற்றுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வகைக்குச் "சோதனம்", அதாவது சுத்தி செய்தல் என்று பெயர். இதற்குரிய ஐந்து செயல்களே பஞ்சகர்மம்.

முதலாவது வமனம். மருக்காரைக் காய், அதிமதுரக் கஷாயம் முதலியவற்றைக் கொடுத்து வாந்தி செய்விப்பது. கபம் மிகுந்த நோய்களுக்கு உரியது.

இரண்டாவது விரேசனம். நாம் பேதி என்று சொல்வது. சிவதை வேர், ஆமணக்கெண்ணெய், கடுக்காய், சரக்கொன்றைப் புளி முதலியவை இதற்குப் பயன்படும். பித்தத்துக்கு உரியது.

மூன்றாவது வஸ்தி. ஆசனவாய் வழியாக மருந்தைச் செலுத்துவது. வாத நோய்களுக்கு முதன்மையான சிகிச்சை இதுவே என்று ஆயுர்வேத நூல்கள் கூறுகின்றன.

நான்காவது நஸ்யம். மூக்கு வழியாக மருந்தெண்ணெய் முதலியவற்றை விடுவது. கழுத்துக்கு மேற்பட்ட நோய்களுக்கு உரியது.

ஐந்தாவது இரத்த மோட்சம். அட்டை விட்டோ வேறு வகையிலோ கெட்ட இரத்தத்தை எடுப்பது.

இந்த ஐந்தையும் எண்ணுவதில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. சரகர் வஸ்தியையே கஷாய வஸ்தி, எண்ணெய் வஸ்தி என இரண்டாகக் கொண்டு ஐந்து என்பார். வாக்படர் இரத்த மோட்சத்தைச் சேர்த்து ஐந்து என்பார். கேரள வைத்தியர்கள் பெரிதும் பின்பற்றுவது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தை.

நமது தமிழ் மருத்துவமான சித்தத்திலும் இதே கருத்து உண்டு. நோய் அணுகாமல் வாழும் விதிகளைக் கூறும் தேரையர் பாடலில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வமனம், நாலு மாதத்துக்கு ஒரு முறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம், நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியல் என்று கணக்கே சொல்லப்பட்டிருக்கிறது. புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் வகுத்து வைத்த நம் வீட்டு வழக்கத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

முன்னும் பின்னும் உள்ள வேலை

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. மேற்சொன்ன ஐந்தும் நடுவில் வரும் வேலை மட்டுமே. அதற்கு முன்னால் ஒரு வேலையும், பின்னால் ஒரு வேலையும் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் அது சிகிச்சை.

முன்வேலையில் முதலாவது, உடம்புக்கு உள்ளும் புறமும் நெய்ப்பு ஏற்றுவது. மருந்து சேர்த்துக் காய்ச்சிய நெய்யை முதல் நாள் சிறிதளவில் தொடங்கி, செரிக்கும் சக்தியைப் பார்த்து, நாள்தோறும் அளவைக் கூட்டி, 3 முதல் 7 நாட்கள் வரை குடிக்கக் கொடுப்பார்கள். இதற்கு சிநேகபானம் என்று பெயர். பிறகு உடம்புக்கு எண்ணெய் தடவி, ஆவி பிடித்து வேர்க்க வைப்பார்கள். அதன் பின்னரே பேதியோ வாந்தியோ செய்விக்கப்படும்.

பின்வேலை என்பது கஞ்சி. வயிறு சுத்தியானவர் மறுநாளே பிரியாணி சாப்பிடக் கூடாது. முதலில் நீர்த்த கஞ்சி, பிறகு கெட்டியான கஞ்சி, பிறகு பயறு வேக வைத்த சாறு, அதன் பின் சிறிது சிறிதாகச் சாதம் என்று படிப்படியாகப் பசியை எழுப்ப வேண்டும். எவ்வளவு பேதியாயிற்று என்பதைப் பொறுத்து 3 நாள் முதல் 7 நாள் வரை இந்தக் கஞ்சி முறை நடக்கும்.

இதற்குக் காலமும் பார்ப்பார்கள். கபத்துக்குரிய வமனத்தை இளவேனிற் காலத்திலும், வாதத்துக்குரிய வஸ்தியை மழைக்காலத்திலும், பித்தத்துக்குரிய பேதியை மழை விட்ட காலத்திலும் செய்வது பழைய முறை. நமக்கு ஆடி என்றால் கேரளத்தாருக்குக் கர்க்கடகம். அந்த மழை மாதத்தில் மருந்துக் கஞ்சியும் எண்ணெய்ச் சிகிச்சையும் அங்கே இன்றும் பெரும் வழக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆக, ஒரு பேதிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் வரை வைத்தியர் கண்காணிப்பு வேண்டியிருக்கிறது. இடையில் நாடி, நாக்கு, பசி, பேதியான எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்து அளவை மாற்றுகிறார்கள். உல்லாச விடுதியில் ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்த்து விடுவதும் பஞ்சகர்மம் ஆகாது; கடையில் ஒரு டப்பா பொடி வாங்கி இரவில் விழுங்குவதும் பஞ்சகர்மம் ஆகாது.

நம் கடைச் சீட்டில் உள்ள பஞ்சகர்மம்

இனி இதை வியாபாரிக் கண்ணால் பார்ப்போம். வைத்தியசாலையில் கஷாய வஸ்திக்குக் கலவை சேர்க்கும் வரிசை இது: முதலில் தேன், அடுத்து இந்துப்பு, அடுத்து எண்ணெய், அடுத்து அரைத்த சதகுப்பை போன்ற சரக்கு, கடைசியில் கஷாயம். கஷாயத்தை விட்டுப் பார்த்தால் இது ஒரு மளிகைச் சீட்டு போலவே இருக்கிறது. சிநேகபானத்துக்கு நெய். எண்ணெய் தேய்க்க நல்லெண்ணெய். பேதிக்கு விளக்கெண்ணெய், கடுக்காய். பின்னால் கஞ்சிக்கு அரிசி, பாசிப்பயறு, சுக்கு. ஆகவே நாம் விற்கும் சரக்கின் தரம் நேரடியாக நோயாளியின் வயிற்றுக்குள் போகிறது.

நெய்யை எடுத்துக்கொள்வோம். ராசிபுரம் என்றாலே வெளியூர்க்காரர் நெய்யைத்தான் நினைக்கிறார்கள். இந்தப் பெயரைக் காப்பது நமது கடமை. சோற்றில் ஒரு கரண்டி நெய் விட்டுக்கொள்கிறவருக்குக் கலப்பட நெய் செய்யும் கெடுதலைவிட, வெறும் வயிற்றில் நாள்தோறும் அளவைக் கூட்டிக் குடிக்கிற நோயாளிக்கு அது செய்யும் கெடுதல் பன்மடங்கு. நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே, வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்த்தாக வேண்டும் என்று அரசு முன்னாளில் விதி செய்தது. சந்தேகமான நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்குமானால் சிவப்பு நிறம் தெரியும். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அக்மார்க் முத்திரையும் தரத்தைக் காட்டுவதற்கே. வைத்தியத்துக்கு என்று கேட்டு வருகிறவருக்கு, உறுதியாகத் தெரிந்த இடத்தில் வாங்கிய நெய்யை மட்டும் கொடுக்க வேண்டும்.

கடுக்காய் நம் கொல்லிமலைப் பக்கமும் உள்ள சரக்கு. அதன் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டுமே மருந்துக்குக் கொள்ள வேண்டும் என்பதும், சுக்குக்கு மேல்தோலைச் சீவ வேண்டும் என்பதும் நம் முன்னோர் கற்றுத் தந்த விதி. பூச்சி துளைத்த கடுக்காயை அரைத்துப் பொடியாக்கித் தள்ளிவிடுவது நாணயமான வியாபாரம் ஆகாது.

நிலவாகை என்கிற நிலாவரை இலை திருநெல்வேலிச் சீமையின் பெயரிலேயே உலகச் சந்தையில் விலை போகிற சரக்கு. தூத்துக்குடி வழியாகப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்திருக்கிறது. ஆங்கில மருந்துக் கடையில் விற்கும் மலச்சிக்கல் மாத்திரைகள் சிலவற்றிலும் இதன் சத்துதான் இருக்கிறது. "இலைதானே, ஒன்றும் செய்யாது" என்று நினைப்பது தவறு. நாள்தோறும் சாப்பிட்டு வந்தால் உடம்பில் பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து குறைந்து, தளர்ச்சியும் இதயத் துடிப்பில் கோளாறும் வரக்கூடும்.

விளக்கெண்ணெயும் விளக்கு எண்ணெயும்

வியாபாரிகள் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுவே. தமிழில் ஆமணக்கெண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்று பெயர். கொட்டமுத்து எண்ணெய் என்றும் நம் பக்கத்தில் சொல்வார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு ஆமணக்கு பழகிய பயிர். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த எண்ணெயைத்தான் நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் இன்று கடையில் "தீப எண்ணெய்", "விளக்கு எண்ணெய்" என்ற பெயரில் வேறு சரக்கும் இருக்கிறது. அது சாமி விளக்கு ஏற்றுவதற்கென்று பல எண்ணெய்களைக் கலந்து, நிறமும் மணமும் சேர்த்து விற்கப்படுவது. உண்பதற்கு உரியது அன்று. வாடிக்கையாளர் "விளக்கெண்ணெய் நூறு மில்லி" என்று கேட்கும்போது, கடைப் பையன் தீப எண்ணெயை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். வாங்கியவர் அதைப் பேதிக்காகக் குடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே விளக்கெண்ணெய் கேட்பவரிடம் "விளக்கேற்றவா, உள்ளுக்குச் சாப்பிடவா?" என்று ஒரு வார்த்தை கேட்பதைக் கடையின் விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. ஒரே அளவைக் குவளையால் அளக்கவும் கூடாது.

ஆமணக்கு முத்தில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. முறையாக எடுத்த எண்ணெயில் அது சேராது, பிண்ணாக்கோடு தங்கிவிடும். எனவே முத்தையே அரைத்துச் சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், கூடாது என்று சொல்லிவிட வேண்டும். காட்டாமணக்குக் கொட்டையும் நஞ்சே. வேலியோரத்துக் கொட்டையைக் கடலை என்று நினைத்துத் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படும் பிள்ளைகள் நம் நாட்டில் பலர். நேர்வாளக் கொட்டை இவற்றினும் கடுமையானது. மருந்து நூல்படி சுத்தி செய்து, மிகச் சிறு அளவில் வைத்தியர் மட்டுமே கையாள வேண்டிய சரக்கு அது. மத்திய அரசின் மருந்து விதிகளில் ஈ(1) என்னும் அட்டவணை, ஆயுர்வேத, சித்த, யூனானி மருத்துவத்தில் பயன்படும் நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. நேர்வாளம், சேங்கொட்டை, எட்டி, ஊமத்தை, குன்றிமணி ஆகியன அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றைச் சில்லறையாக யாருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுக்காமல் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

நவீன மருத்துவம் சொல்வது

உடம்பில் சேரும் கழிவையும் நஞ்சையும் வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்து வருகின்றன என்பது நவீன மருத்துவத்தின் முடிவு. பேதி மருந்து குடலைக் காலி செய்யும், மலச்சிக்கலைத் தீர்க்கும். ஆனால் இரத்தத்தில் உள்ள நஞ்சை அது உறிஞ்சி வெளியே தள்ளுகிறது என்பதற்குப் போதிய ஆய்வுச் சான்று கிடையாது. ஆயுர்வேதம் "ஆமம்" என்று சொல்வது செரியாமல் தங்கிய கழிவை. விளம்பரக்காரர் "நஞ்சு" என்று சொல்வது வேறு பொருளில். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது ஆயுர்வேதத்துக்கும் நியாயம் செய்வது ஆகாது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இணையதளங்களில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. நஞ்சை எடுக்க வாங்கும் மருந்தே நஞ்சைச் சேர்ப்பதானால் அது எவ்வளவு பெரிய கொடுமை! நாம் எந்தக் கம்பெனிச் சரக்கை எடுத்து வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்பதற்கே இதைச் சொல்கிறோம்.

விளக்கெண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பதையும் 2012-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையைச் சுருங்கச் செய்கிறது. கருப்பைத் தசையையும் அதே வழியில் சுருங்கச் செய்கிறது. கர்ப்பிணிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வந்ததற்கு இது தக்க காரணம்.

யாருக்குப் பேதி மருந்து ஆகாது?

கீழ்க்கண்டவர்களுக்கு என்று தெரிந்தால், பேதிச் சரக்கைக் கட்டிக் கொடுக்கும் முன்னர் "டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது.

1. கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற புதிதில் உள்ள தாய்மார்கள்.

2. கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும். பத்துப் பேதியில் பெரியவர் இழக்கும் நீர் அவருக்குத் தளர்ச்சி. சிறு குழந்தைக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

3. முதியவர்கள், இதய நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்.

4. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள். வயிற்றைக் காயப் போட்டுப் பேதியும் ஆனால், சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும்.

5. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

6. வயிற்று வலி என்று வருகிறவர்கள். இது மிக முக்கியம். வலி குடல்வாலில் இருக்குமானால், பேதி மருந்து அதை வெடிக்கச் செய்யும் அபாயம் உண்டு. வயிற்று வலிக்குப் பேதி மருந்து ஒரு நாளும் கொடுக்கக் கூடாது.

7. மலத்தில் இரத்தம் போகிறவர்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலச்சிக்கல் தொடங்கியவர்கள். இவர்களுக்கு உள்ளே வேறு நோய் இருக்கலாம்.

நஸ்யத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது. வைத்தியர் பெரியவருக்குச் செய்யும் நஸ்யம் வேறு; இது வேறு. குழந்தையின் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா காய்ச்சல் வரும்.

பேதி அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று யாராவது ஓடி வந்தால், நாம் உடனே கொடுக்கக்கூடிய சரக்கும் நம் கடையிலேயே இருக்கிறது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய சிறு கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்ய வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் மேலும் நல்லது. இதைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மயக்கம், நா வறட்சி, சிறுநீர் குறைதல் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

சட்ட நிலையை வியாபாரிகள் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டப்படி ஆயுர்வேத, சித்த மருந்துகளைத் தயாரிக்க உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர் தயாரித்துச் சீல் வைத்த மருந்தை விற்பதற்கு, ஆங்கில மருந்துக் கடைக்கு இருப்பது போன்ற தனி விற்பனை உரிமம் இச்சட்டத்தில் கேட்கப்படவில்லை. இது நமக்குள்ள வசதி. ஆனால் நாமே நாலைந்து சரக்கை அரைத்துக் கலந்து, "வயிற்றுச் சுத்திச் சூரணம்" என்று பெயர் ஒட்டி விற்றால், அது மருந்து தயாரிப்பு ஆகிவிடும். உரிமம் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம். கடுக்காயைக் கடுக்காயாக விற்பது வேறு. அதையே மருந்தாக்கி விற்பது வேறு.

அடுத்து, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம். நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், காக்காய் வலிப்பு, பக்கவாதம் முதலிய பல நோய்களைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை இச்சட்டம் தடுக்கிறது. விளம்பரம் என்றால் பத்திரிகையில் போடுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். நோட்டீஸ், லேபிள், மேலுறை ஆகியவையும், வாயால் செய்யும் அறிவிப்பும் அதில் அடங்கும். கடை வாசலில் "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று அட்டை எழுதித் தொங்கவிடுவதும், கம்பெனிக்காரர் கொடுத்த அத்தகைய போஸ்டரை ஒட்டுவதும் நம்மைச் சிக்கலில் மாட்டிவிடும்.

மூன்றாவது, உணவுப் பொருளுக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருந்தால் அது உணவுப் பொருள். மருந்து என்றால் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பாக்கெட்டுக்கு நம் அலமாரியில் இடம் கொடுக்கக் கூடாது. எவ்வளவு லாபம் கொடுத்தாலும் கூடாது.

கடையில் செய்ய வேண்டியவை

மேற்கண்டவற்றைத் தொகுத்து, உறுப்பினர்கள் கடைப்பிடிக்கத்தக்க சில முறைகளைக் கூறுகிறோம்.

நாட்டு மருந்துச் சரக்குக்குத் தனி அலமாரி ஒதுக்கி, ஒவ்வொரு டப்பாவிலும் பெயரைத் தமிழில் தெளிவாக எழுதி ஒட்டவும். எலி மருந்து, பூச்சி மருந்து, பினாயில், தீப எண்ணெய் ஆகியவற்றை அதன் அருகில் வைக்க வேண்டாம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரிலோ வேறு மொத்தக் கடையிலோ சரக்கு எடுக்கும்போது பில்லில் சரக்கின் பெயரைத் தெளிவாக எழுதி வாங்கவும். பின்னால் ஒரு கேள்வி வந்தால் அந்தப் பில்தான் நமக்குத் துணை.

பழைய சரக்கு முன்னும் புதிய சரக்கு பின்னுமாக வைத்து விற்கவும். வருடம் கடந்த இலைச் சரக்கு வீரியம் குறையும். வாங்கியவர் பலன் இல்லையென்று அளவைக் கூட்டிச் சாப்பிடத் தொடங்குவார். சிக்கெடுத்த எண்ணெயைக் கழித்துவிடவும்.

பாக்கெட் மருந்தில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்து வாங்கவும்.

கடையில் வேலை செய்யும் பையன்களுக்கு மருந்தளவு சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறவும். "எவ்வளவு சாப்பிடணும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில், "வைத்தியரைக் கேளுங்கள்" என்பதே.

எங்கே அனுப்புவது?

வைத்தியரைக் கேளுங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கே போவது என்றும் சொல்லத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. அங்கே பட்டம் பெற்ற மருத்துவரே பார்க்கிறார். ஆயுர்வேத மருத்துவருக்கு பி.ஏ.எம்.எஸ்., சித்த மருத்துவருக்கு பி.எஸ்.எம்.எஸ். என்பவை பட்டங்கள். இந்தப் பட்டமும் பதிவும் இருக்கின்றனவா என்று பார்த்துப் போகச் சொல்ல வேண்டும்.

தங்கிச் சிகிச்சை பெற விரும்புவோருக்கு, சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பஞ்சகர்மத்துக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று கேரளத்தில் ஷொரனூரை அடுத்த செறுதுருத்தியில் உள்ளது. பழமையான தனியார் நிலையங்களில் 1902-இல் தொடங்கிய கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலையும், 1943-இல் தொடங்கிய கோயமுத்தூர் ஆர்ய வைத்திய பார்மசியும் பலரும் அறிந்தவை. எங்கே போனாலும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துச் செல்ல வேண்டும்; டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

நமது முன்னோர் வைத்த மருந்துச் சரக்கு எல்லாம் நல்ல சரக்கே. அதைக் கையாளும் முறையையும் அவர்களே வகுத்து வைத்தார்கள். நெய்யும் எண்ணெயும் கடுக்காயும் நம் தராசில் நிறுக்கப்படுகின்றன. நோயாளியின் பலத்தை நிறுக்கும் தராசு வைத்தியர் கையில் இருக்கிறது. சுத்தமான சரக்கு, சரியான எடை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நாணயம் ஆகிய மூன்றும் இருந்தால் வாடிக்கையாளர் நம் கடையை விட்டுப் போக மாட்டார். இந்த வாரமே நாட்டு மருந்து அலமாரியை ஒரு முறை இறக்கிப் பார்த்துச் சரிசெய்து வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.